இணைப்பு: டின் ஒன்று, டீ மேக்கர் ஒருவர்

போன வாரம், இப்போது தோட்டத்து ஆபீஸில் வேலை பார்க்கிற உங்களில் ஒருவர் எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும். "அம்மா, நம் தோட்டத்து ஆபீஸுக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறோம். படங்களை இணைத்திருக்கிறேன், பாருங்கள்" என்று எழுதியிருந்தார். பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். ஒரு படமும் இல்லை. மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இணைக்க மறந்துட்டாரும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். மறுநாள் "மன்னிக்கவும், இதோ" என்று இன்னொன்று வந்தது. இந்தத் தடவை படங்கள் வந்தன. வந்துகொண்டே இருந்தன. கணினி மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. கடைசிப் படத்தில் ஆபீஸும் இல்லை, பெயிண்டும் இல்லை. யாரோ ஒருவர் கல்யாணப் பந்தியில் அப்பளத்தை வாயில் வைத்தபடி என்னைப் பார்த்தார்.

எனக்குக் கோபம் வரவில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் வந்தது, நன்றாகவே வந்தது. அரை மணி நேரம் கழித்துத்தான் சிரிப்பு வந்தது. நீங்கள் இன்றைக்குச் செய்கிற இத்தனை கூத்தையும் கணினி இல்லாமலேயே செய்து முடித்தவர்கள் நாங்கள். ஒரு மனிதருடைய பிழைப்பே ஆட்டம் கண்டுவிட்டது. அந்தக் கதையைக் கேட்டுவிட்டு, பிறகு அந்த அனுப்பும் பொத்தானில் கை வையுங்கள்.

எழுபதுகளின் கடைசியில் நான் ரிங்லெட் என்கிற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். எங்கள் கம்பெனியின் தலைமை ஆபீஸ் கோலாலம்பூரில். தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு லோரி அங்கே போகும்போது, ஆபீஸ் தபால் பையும் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு போகும். கடிதத்தை நான் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வேன். அடியில் 'இணைப்பு' என்று ஒரு வரி வரும். கூடவே என்ன போகிறது என்று அதில் சொல்ல வேண்டும்.

பெரிய கிராணி, அதாவது எங்கள் தலைமைக் குமாஸ்தா, அந்த வரிக்காகவே பிறந்தவர். கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இடது கை விரலை அந்த வரியில் வைப்பார். வலது கையால் அந்தச் சாமானைத் தொடுவார். "எழுதினது இங்க இருக்கு, சாமான் இங்க இருக்கு. ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாத்துக்கிச்சு. இப்பப் போகலாம்" என்பார். ஏதோ பெண் பார்க்கிற மாதிரி இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு அதைப் பார்த்தால் சிரிப்பை அடக்க முடியாது, குனிந்து கார்பன் தாளைத் தேடுவேன்.

அவ்வளவு கண்டிப்பான மனிதரின் பைக்கு ஒரு பெரிய சோதனை இருந்தது. எங்கள் மலையில் வெறும் கடிதம் போவது மரியாதையில்லை. கூடவே ஏதாவது போக வேண்டும். கோலாலம்பூரில் தங்கை இருப்பாள், மச்சான் இருப்பார், சும்மா தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். லோரி போகிற நாளில் ஆபீஸ் வாசலில் ஒரு கூட்டமே நிற்கும். "சின்னதுதான் சார், ஓரத்துல கெடக்கும்" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டம் வைத்திருந்த ஒருவர் இப்படித்தான் தன் சிநேகிதருக்கு 'சின்னதாக' ஒரு முட்டைக்கோஸ் மூட்டையைத் தள்ளிவிட்டார். துரையின், அதாவது எங்கள் தோட்ட மேனேஜரின், கடிதம் அதற்கு அடியில் மாட்டிக்கொண்டு, தலைமை ஆபீஸ் போய்ச் சேரும்போது பாதி கூட்டாகியிருந்தது. கேட்காமல் பெரிய சாமானை அனுப்பாதீர்கள் என்று நான் சொல்வது அந்த வாடையை இன்னும் மறக்க முடியாததால்தான்.

இன்னொரு சோதனை டின்கள். தேயிலையை மாதிரி பார்க்க அனுப்புவதற்கென்று, உள்ளங்கையில் அடங்குகிற மூடி போட்ட டின்கள் ஃபேக்டரியில் இருந்தன. காற்றுப் புகாது, எறும்பு ஏறாது. அதனால் தோட்டத்தில் அந்த டின் இல்லாத வீடே கிடையாது. கடுகு, விபூதி, பித்தான், குழந்தையின் விழுந்த பல் வரைக்கும் அதில்தான். எங்கள் வீட்டில் அடுப்படியிலேயே ஏழெட்டு நிற்கும். எதற்கும் பெயர் எழுத மாட்டோம். அவரவர் வீட்டு டின் அவரவருக்குத் தெரியாதா என்ன? உங்கள் கோப்புகளுக்கு 'புதியது', 'புதியது இரண்டு', 'கடைசி', 'நிஜமான கடைசி' என்று நீங்கள் பெயர் வைக்கும்போது எனக்கு அந்த டின்கள்தான் கண்ணுக்குள் வரிசை கட்டி நிற்கின்றன.

இனி அந்தோணி. எங்கள் ஃபேக்டரியின் டீ மேக்கர். கொழுந்து வாடுவதிலிருந்து தூள் பெட்டிக்குள் போகிறவரை அவர் பொறுப்பு. ஆள் நல்ல ஆகிருதி. குரலும் அப்படித்தான். மலைக்குளிரில் சிங்கம் மாதிரி நடப்பார், கீழே தாப்பாவில் லோரியை விட்டு இறங்கினால் ஐஸ் கட்டி மாதிரி கரைந்துவிடுவார். ஒரு தடவை அங்கே கல்யாணத்துக்குப் போய், மாப்பிள்ளைக்கு வீசிய விசிறியைப் பிடுங்கித் தனக்கு வீசிக்கொண்டவர். அவர் மனைவி பிலோமினா, "இவர வச்சுக்கிட்டு மலைய விட்டு எறங்க முடியாது" என்று சொல்லிச் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பு நின்றுபோகிற மாதிரி ஒரு கடிதம் தலைமை ஆபீஸிலிருந்து வந்தது. உங்கள் தேயிலையில் சில காலமாகச் சுவை இல்லை. புதிதாக எடுத்த தேயிலையில் ஒரு மாதிரி அனுப்புங்கள். அதுவும் சரியில்லை என்றால், டீ மேக்கரைக் கம்பெனியின் செம்பனைத் தோட்டத்துக்கு மாற்றிவிட்டு வேறு ஆள் போடுவோம். செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டம் கீழே, கடலோரம். வெயில் என்றால் அப்படி இப்படி வெயில் இல்லை. அந்தோணிக்கு நான்தான் கடிதத்தைப் படித்துச் சொன்னேன். அவ்வளவு பெரிய மனிதர் என் மேசைக்கு எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, "அங்க ஃபேன் இருக்குமா தங்கச்சி?" என்று கேட்டார்.

அதற்கப்புறம் அவர் ஃபேக்டரியை விட்டு வரவேயில்லை. சாப்பாடு அங்கேயே போனது. ஒரு நாள் காலையில் டின்னைத் துண்டில் சுற்றி, பச்சைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி ஆபீஸுக்குக் கொண்டுவந்தார். பெரிய கிராணி ஒரு விரலைக் கடிதத்திலும் ஒரு கையை டின்னிலும் வைத்தார். டின் சீட்டு எதுவும் இல்லாமல் பைக்குள் போனது. லோரியும் போனது.

எங்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. ஸ்டோர் கிராணி மாணிக்கத்தின் தங்கை புருஷன் தலைமை ஆபீஸில் பியூன். தங்கைக்கு நீளமான முடி. அந்த முடிக்கு மாணிக்கத்தின் மனைவி அரைத்த சீயக்காய்த்தூள்தான் வேண்டும். அதுவும் ஒரு டின்னில், ஒரு சீட்டுக்கூட ஒட்டாமல், அதே பைக்குள் மாணிக்கத்தின் கையால் நழுவி இறங்கியிருந்தது. கேட்டால், "மாப்பிள்ளைக்குத் தெரியும்லா" என்று பதில் வந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து டெலிபோன் அடித்தது. தலைமை ஆபீஸ் பெரியவர். அவரும் தமிழர்தான். ஆனால் தமிழில் பேசினால் பதவி இறங்கிவிடும் என்று நினைப்பவர், கோபம் வந்தால் மட்டும் தமிழுக்கு வருவார். அன்றைக்கு முதல் வார்த்தையே தமிழ். பெரிய கிராணி ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். ஆபீஸ் முழுக்கக் கேட்டது.

"என்ன ஓய் அனுப்பியிருக்கிறீர்? சுடுதண்ணி ஊத்தினா நுரை வருது! கலக்கினா கப்புக்கு மேல வருது! ஒரு வாய் குடிச்சேன், ராத்திரி வரைக்கும் ஏப்பம் விட்டா சோப்பு முட்டையா வருது! உங்க டீ மேக்கர் மூட்டை கட்டட்டும்!"

அந்தோணி வாசலில்தான் நின்றிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. "நுரையா? என் தேயிலையிலயா?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார்.

பெரியவர் ரிசீவரை மேசையில் போட்டுவிட்டுப் போனார் போலிருக்கிறது. ஆனால் லைன் அறுபடவில்லை. பியூன் எடுத்து ரகசியக் குரலில், "ஐயா, மாணிக்கம் மச்சான் இருந்தா ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இந்தத் தடவ சீயக்காய் சரியில்லையாம். எவ்ளோ தேச்சும் நுரையே வரலையாம். தலையெல்லாம் தூளா நிக்குதுன்னு என் பொஞ்சாதி ஒரே சத்தம்" என்றார்.

பெரிய கிராணி ரிசீவரை வைத்தார். ஒன்றில் நுரை வருகிறது என்று புகார், ஒன்றில் வரவில்லை என்று புகார். மெதுவாகத் தலையைத் திருப்பி மாணிக்கத்தைப் பார்த்தார். மாணிக்கம் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். நான் எதையும் பார்க்க முடியாமல் மேசைக்கு அடியில் போய்விட்டேன். சிரிப்பு அப்படி. மேலே வந்தபோது அந்தோணியின் முகத்தைப் பார்த்தேன், சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

இளையவர்களே, இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? மாணிக்கம் சொன்ன யோசனை எளிதானது. "ஈரம் பட்டுக் கெட்டுப் போச்சுன்னு சொல்லிருவோம் சார். புது டின் அனுப்பிருவோம். சீயக்காய் குடிச்சேன்னு தெரிஞ்சா அவரு நம்மள உசுரோட விட மாட்டாரு." எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

பெரிய கிராணி தலையை ஆட்டினார். "கெட்டுப் போச்சுன்னா யாரு கெடுத்தது? அந்தோணின்னுதான் எழுதுவாங்க. தப்பான சாமான் போச்சுன்னா, தப்பான சாமான் போச்சுன்னு நாமதான் மொதல்ல சொல்லணும்." உடனே டெலிபோனைச் சுழற்றினார். பெரியவர் வந்ததும் நேராக ஆரம்பித்தார். "சார், மன்னிக்கணும். நீங்க குடிச்சது எங்க தேயிலை இல்ல. சீயக்காய். உடம்புக்கு ஒண்ணும் ஆகாது, சுத்தமா அரைச்சது. எங்க தேயிலை உங்க பியூன் சம்சாரத்து தலையில இருக்கு."

அந்தப் பக்கம் தண்ணீர் குடிக்கிற சத்தம் வந்தது. பிறகு, "இன்னொரு டின். வர்ற லோரியில. அதுவும் தப்பினா நான் பேச மாட்டேன், மாற்றல் கடிதம்தான் பேசும்" என்று கேட்டது. அவ்வளவுதான்.

அந்த வாரம் முழுக்கப் பெரிய கிராணி ஆபீஸையே ஒரு கோட்டையாக்கிவிட்டார். பையில் அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு ஊசிகூடப் போகக்கூடாது. லோரி டிரைவர் முத்துவைக் கூப்பிட்டு எதிரில் நிற்க வைத்தார். "வழியில யாரு எதக் குடுத்தாலும் வாங்கக் கூடாது. முறுக்கு குடுத்தாலும் சரி, சாமி பிரசாதம் குடுத்தாலும் சரி. நானே ஓடி வந்து குடுத்தாலும் வாங்காத. வெளங்குச்சா?" முத்து எதையும் சொன்னபடி செய்கிற மனிதர். சொல்லாததை ஒருநாளும் செய்ய மாட்டார். "வெளங்குச்சு சார்" என்றார்.

அந்தோணி இரண்டாவது டின்னைக் கொண்டுவந்தார். மூடியைச் சுற்றிப் பிலோமினா சிவப்பு நூல் கட்டியிருந்தார். நான் தோட்டத்தின் பெயர், ஃபேக்டரி, உள்ளே இருப்பது தேயிலை என்பது வரை எல்லாவற்றையும் சீட்டில் தட்டச்சு செய்து ஒட்டினேன். லோரி மறுநாள் விடியற்காலையில். கடிதத்தைப் பெரிய கிராணி சாயங்காலமே பைக்குள் வைத்து அரக்கு முத்திரை போட்டார். டின்னை மட்டும் பையில் வைக்கவில்லை. "இத நானே முத்து கையில குடுப்பேன்" என்று சொல்லி, பத்திரத்துக்காக ஆபீஸ் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அந்தப் பெட்டிக்கு இரண்டு சாவி. ஒன்று அவரிடம், இன்னொன்று துரையிடம். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும்.

முத்து மறுநாள் சீக்கிரமே வந்துவிட்டார். காவல்காரர் முத்திரை போட்ட பையை எடுத்துக் கொடுத்தார். நான் ஆபீஸுக்குள் நுழையும்போது பெரிய கிராணி நாற்காலியில் உட்கார்ந்து இரும்புப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். காப்பி ஆறிப்போயிருந்தது. 'இணைப்பு: டின் ஒன்று' என்கிற கடிதம் மலையிறங்கிக்கொண்டிருக்கிறது. டின் இங்கே, நாட்டிலேயே பத்திரமான இடத்தில் இருக்கிறது.

ஆயுசு முழுக்க விரல் வைத்துச் சரிபார்த்த மனிதர். அளவுக்கு மீறிப் பயந்தார், அதனால்தான் தான் வரும்வரை லோரி நிற்க வேண்டும் என்று சொல்ல மறந்தார். மறதி சோம்பேறிகளுக்கு மட்டும்தான் வரும் என்று நினைக்காதீர்கள். அன்றிலிருந்து நான் இணைப்பைத்தான் முதலில் எடுத்து வைப்பேன், கடிதம் அதற்கப்புறம்தான்.

துரை மேல்மலையில் கொழுந்து பார்க்கப் போயிருந்தார். சாவிக்காக அந்தோணியே ஏறி ஓடினார். மூச்சிரைக்கப் போய் நின்றவரைப் பார்த்து துரை, "ஃபேக்டரியில் நெருப்பா?" என்று பதறியிருக்கிறார். "இல்ல துரை, பெட்டியில தேயிலை" என்று சொல்லிச் சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்தார். டின் வெளியே வந்தது. மாணிக்கம் அந்தோணியின் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் செய்து தயாராக நின்றார், அவர் செய்த புண்ணியத்துக்குப் பரிகாரமாக. மலைக்குளிருக்குப் போட்ட கம்பளிச் சட்டையும் கழுத்தில் மஃப்ளருமாக அந்தோணி பின்னால் ஏறினார். அந்தச் சின்ன மோட்டார் முனகிக்கொண்டே கிளம்பியது.

வெகுநேரம் கழித்து மாணிக்கம் மட்டும் திரும்பி வந்தார். பின்னால் யாரும் இல்லை.

"லோரியப் புடிச்சியா?" என்றார் பெரிய கிராணி.

"புடிச்சோம் சார். ரிங்லெட்டு சாப்பாட்டுக் கடையில முத்து ரொட்டி சாப்ட்டுக்கிட்டு இருந்தான்."

"டின்ன குடுத்தியா?"

"வாங்க மாட்டேன்னுட்டான் சார்."

"என்னாது?"

"நீங்கதான வழியில யாரு குடுத்தாலும் வாங்காதன்னீங்க? கிராணி உத்தரவுன்னு கையக் கட்டிக்கிட்டான். அந்தோணி கெஞ்சினாரு, நான் கால்ல விழாத கொற. 'அண்ணே, சாமான் வாங்கக் கூடாதுன்னுதான் உத்தரவு, நான் வாங்க மாட்டேன்'னு ஒரே பேச்சு."

"அப்புறம்?"

"ஆள ஏத்தக் கூடாதுன்னு நீங்க சொல்லலையாம் சார். அந்தோணி டின்ன மடியில வச்சிக்கிட்டு ஏறி உக்காந்துட்டாரு. போயிட்டாருலா."

பெரிய கிராணி கண்ணை மூடிக்கொண்டார். நான் சிரிக்கவில்லை, பயம்தான் வந்தது. டீ மேக்கர் லீவு சொல்லாமல் ஃபேக்டரியை விட்டுப் போவது பெரிய குற்றம். ஏற்கனவே தலைக்கு மேல் கத்தி தொங்குகிறது. கூப்பிடாமல் தலைமை ஆபீஸில் போய் நின்றால் கெஞ்ச வந்திருக்கிறார் என்பார்கள், இல்லையென்றால் வேலையை விட்டு ஓடி வந்துவிட்டார் என்பார்கள். எப்படிப் பார்த்தாலும் அந்த மனிதர் தானே தன் மாற்றல் கடிதத்தை வாங்கப் போகிற மாதிரிதான் இருந்தது.

பெரிய கிராணி கண்ணைத் திறந்தார். துரையிடம் ஆள் அனுப்பி ஒரு சம்மதம் வாங்கினார். பிறகு கோலாலம்பூருக்கு டெலிபோன் போட்டார். குரலில் ஒரு நடுக்கம் இல்லை.

"சார், இன்னிக்கு வர்ற எங்க கடிதத்துல ஒரு திருத்தம். இணைப்பு ஒண்ணுன்னு இருக்கும். ரெண்டுன்னு திருத்திக்கணும். ஒண்ணு, டின். ரெண்டு, டீ மேக்கர் ஒருவர்."

"டீ மேக்கரா? அவரை யாரு கேட்டது?"

"யாரும் கேக்கல சார். டின்ன விட்டு வர மாட்டேங்குறாரு. சேத்தே அனுப்பியிருக்கோம். துரைக்குத் தெரியும்."

அந்த ஒரு வார்த்தையில் அந்தோணி ஓடிப்போனவர் என்ற நிலையிலிருந்து, முறையாக அனுப்பப்பட்டவர் ஆனார். தவறு நடந்த பிறகு அதற்குச் சரியான ஒரு வரி எழுதத் தெரிவதும் ஆபீஸ் வேலைதான் என்பதை அன்றைக்குப் பார்த்தேன். இப்போதும் நினைத்தால் அந்த மனிதர் மேல் எனக்குப் பிரியமாக இருக்கிறது.

பிலோமினா மத்தியானம் ஆபீஸுக்கு வந்தார். "கீழ மாத்துனா நானும் கூடத்தான் சார் போவேன்" என்று பெரிய கிராணியிடம் சொன்னார். "அவர அங்க பாத்துக்க முடியும். ஆனா மூச்சு வாங்கிக்கிட்டு மூலையில உக்காந்திருக்கிற அவர தெனமும் பாக்கணுமே. இங்க எப்படி நடப்பாருன்னு பாத்த கண்ணுலா இது." பெரிய கிராணி தன் காப்பியை அவர் பக்கம் நகர்த்தினார். லோரி திரும்பும்வரை மாணிக்கம் யாருக்கும் எதுவும் அனுப்பவில்லை.

கோலாலம்பூரில் நடந்ததைப் பிற்பாடு அந்தோணியும், பக்கத்திலேயே நின்ற முத்துவும் சொல்லக் கேட்டதுதான். தாப்பா தாண்டியதுமே மனிதர் நனைந்துவிட்டாராம். கம்பளிச் சட்டையைக் கழற்றச் சொன்னால், கழற்றுவதற்கு டின்னைக் கீழே வைக்க வேண்டும், வைக்க மாட்டேன் என்றாராம். அப்படியே தலைமை ஆபீஸ் மாடியேறி, மஃப்ளரோடு பெரியவர் முன்னால் போய் நின்றிருக்கிறார். தேநீர் போட்டார்கள். பெரியவர் முதலில் கப்பை நன்றாகக் கலக்கிப் பார்த்தார். நுரை இல்லை. முகர்ந்தார். அப்படியும் நம்பாமல் பியூனை ஒரு வாய் குடிக்கச் சொன்னார். பியூன் குடித்துவிட்டும் விழாமல் நின்றபடியே இருந்தார். பிறகுதான் தான் குடித்தார். குடித்தவர் நிமிர்ந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்தோணி அதைக் கேட்கவில்லை. வெயிலும் பயமும் சேர்ந்து, டின்னைக் கட்டிப் பிடித்தபடியே மேசை விளிம்பில் நெற்றி மோதித் தரையில் சாய்ந்தார்.

ஆபீஸே அலறியிருக்கிறது. கையில் வேறு எதுவும் கிடைக்காமல் பெரியவர் அந்தத் தேநீரையே அவர் வாயில் ஊற்றினாராம். ஊற்றியதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். எந்தத் தேயிலைக்கும் அதைவிட நல்ல நற்சான்றிதழ் கிடைத்திருக்காது.

லோரி திரும்பியபோது நாங்கள் எல்லோரும் வாசலில் நின்றோம். பிலோமினா முன்னால் நின்றார். அந்தோணி இறங்கினார். பியூனின் சட்டை போட்டிருந்தார், ஒரு பித்தானும் மூடவில்லை. நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். ஒரு உறையைப் பெரிய கிராணியிடம் நீட்டினார். தலைமை ஆபீஸ் கடிதம். அதில் என்ன இருக்கிறதென்று அவருக்கும் தெரியாது.

பெரிய கிராணி அந்த இடத்திலேயே பிரித்தார். ஆங்கிலத்தைத் தமிழாக்கி உரக்கப் படித்தார்.

"இணைப்பு ஒன்று, தேயிலை மாதிரி: கிடைத்தது. தரம் திருப்தி. இதே தரம் தொடர வேண்டும். இணைப்பு இரண்டு, டீ மேக்கர்: கிடைத்தது. இது குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டிய சரக்கு என்று நீங்கள் முன்கூட்டித் தெரிவிக்கவில்லை. கீழ்நாட்டுக்கு அனுப்ப ஏற்றதல்ல என்று நேரில் கண்டோம். இத்துடன் திருப்பி அனுப்புகிறோம். மலையிலேயே வைத்துக்கொள்ளவும்."

பிலோமினா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "அப்படின்னா என்னா சார்?"

"அப்படின்னா இங்கயேதாம்மா."

அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அந்தோணி அதைவிடச் சத்தமாக அழுதார். மாணிக்கம் எங்கள் எல்லோரையும் விட அதிகமாக அழுதார். நானும் அழுதேன், சிரித்துக்கொண்டேதான்.

பெரிய கிராணி மட்டும் அழவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வந்த சாமானைப் பெற்றுக்கொண்டதாகப் போடும் கையெழுத்துச் சீட்டை எடுத்துப் பிலோமினாவிடம் நீட்டினார். "சரக்க நல்லாப் பாத்து வாங்கிக்கம்மா. சேதாரம் இருந்தா இப்பவே சொல்லிடணும். அப்புறம் வந்து சொன்னா ஆபீஸ் பொறுப்பில்ல."

பிலோமினா கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். நெற்றி வீக்கத்தை ஒரு விரலால் தொட்டார். அந்தோணி "ஆ" என்றார்.

"மூடிதான் கொஞ்சம் நசுங்கியிருக்கு சார்" என்றார் பிலோமினா. "பரவால்ல, உள்ள இருக்கிறது என்னுதுதான்."

கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போனார்.